சிறைக்கு எத்தனை வாசல்? டெக்சஸ் சிறைகளும் தரவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹூஸ்டனுக்குத் தென்மேற்கே இருக்கும் ஷுகர் லேண்டில் வசிக்கிறேன். நம்மவர்கள் நிறையப் பேர் வீடு வாங்கிய ஊர். இங்கே நூறு வருடப் பழைய சிறை ஒன்று இருந்தது, சென்ட்ரல் யூனிட் என்று பெயர். 2011இல் அதை மூடினார்கள். பதிலுக்கு இன்னொன்று கட்டாமல் டெக்சஸ் மூடிய முதல் சிறை அதுதான். "ஏன் மூடினாங்க?" என்று தமிழ்ப் பள்ளி வாசலில் ஒருவர் கேட்டார். பதில் சொல்லத் தொடங்கியதும் கேள்விகள் நிற்கவில்லை. திரும்பத் திரும்ப வந்தவற்றை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே தொகுத்திருக்கிறேன். நான் வழக்கறிஞர் இல்லை, எண்களோடு பிழைப்பு நடத்துகிறவன். அந்தச் சாய்வு பதில்களில் தெரியத்தான் செய்யும்.

ஜெயில், பிரிசன், ப்ரொபேஷன், பரோல்னு சொல்றாங்களே, எல்லாம் ஒண்ணுதானே?

இல்லை. இங்கே ஜெயில் என்பது கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) நடத்துவது. கைதானவரை முதலில் கொண்டுபோவது அங்கேதான். வழக்கு முடியாதவர்களும் குறுகிய தண்டனைக்காரர்களும் அதில் இருப்பார்கள். பிரிசன் என்பது பெரிய குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர்களுக்கான மாநிலச் சிறை. ப்ரொபேஷன் என்றால் சிறைக்கு அனுப்பாமல், சில நிபந்தனைகளோடு ஒரு அலுவலரின் கண்காணிப்பில் வெளியே வைப்பது. நம் ஊரில் நன்னடத்தை அலுவலர் என்ற பதவி இருக்கிறதே, அந்த வகை.

பரோலில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். தமிழ்நாட்டுச் செய்திகளில் "பத்து நாள் பரோலில் வந்தார்" என்று படித்துப் பழகிவிட்டோம். அது உண்மையில் விடுப்பு, முடிந்ததும் உள்ளே திரும்ப வேண்டும். அமெரிக்காவில் பரோல் என்றால் மீதித் தண்டனைக் காலத்தை நிபந்தனையோடு வெளியே கழிப்பது. நிபந்தனையை மீறினால்தான் திரும்பப் போக வேண்டும். இந்த ஒரு வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டால் கீழே உள்ளவற்றில் பாதி சுலபமாகிவிடும்.

இதுல மாநிலம் எதுக்கு? வாஷிங்டன்ல ஒரு சட்டம் போட்டா போதாதா?

போதாது. அமெரிக்கச் சிறைவாசிகளில் மிகப் பெரும்பகுதி மாநிலங்களிடம்தான். மத்திய அரசின் சிறைகளில் இருப்பவர்கள் சுமார் ஒன்றரை லட்சம் பேர். கைதிகளின் தண்டனைக் காலத்தைக் குறைக்க வழிசெய்து 2018இல் வந்த ஃபர்ஸ்ட் ஸ்டெப் சட்டத்தைப் பற்றி நிறையப் பேசினார்கள். அது தொட்டது இந்த ஒன்றரை லட்சத்தை மட்டுமே.

தரவை வச்சுச் சீர்திருத்தம்னா என்னதான் பண்ணுவாங்க? எக்ஸெல் போட்டுப் பார்ப்பாங்களா?

கிட்டத்தட்ட அதுதான்! ஆனால் எதைப் போட்டுப் பார்க்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. 2007 ஜனவரியில் டெக்சஸ் சட்டமன்றத்தின் முன் ஒரு கணிப்பு வந்தது. அப்போது மாநிலச் சிறைகளில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். இதே போக்கில் போனால் 2012க்குள் இன்னும் 17,000க்கும் மேற்பட்ட இடங்கள் வேண்டும் என்றது கணிப்பு. புதுச் சிறைகள் கட்ட, அடுத்த இரண்டு வருட பட்ஜெட்டில் மட்டும் 50 கோடி டாலருக்கு மேல் கேட்டார்கள்.

வழக்கமாக அடுத்த கேள்வி "எங்கே கட்டலாம்?" என்றுதான் இருக்கும். இந்த முறை "இந்த 17,000 பேரும் எந்த வாசல் வழியாக உள்ளே வருகிறார்கள்?" என்று கேட்டார்கள். மாநிலங்களுக்கு ஆய்வில் உதவும் அமைப்பான மாநில அரசுகள் கவுன்சிலின் நீதி மையம் வழியாக டோனி ஃபபெலோ என்ற ஆய்வாளர் கணக்கைப் பிரித்தார். மூன்று வாசல்கள் தெரிந்தன.

முதலாவது ப்ரொபேஷன். 1997க்கும் 2006க்கும் இடையில் கண்காணிப்பில் இருந்தவர்களின் எண்ணிக்கை 3 சதவீதம் குறைந்திருந்தது, ஆனால் ப்ரொபேஷன் ரத்தாகி உள்ளே போனவர்கள் 18 சதவீதம் கூடியிருந்தார்கள். இரண்டாவது, போதை மறுவாழ்வு. 2003இல் நிதியை வெட்டியதால், சிகிச்சை இடத்துக்காக 2,000க்கும் மேற்பட்டோர் வரிசையில் காத்துக் கிடந்தார்கள், அதுவும் சிறைக்குள்ளேயே பலர். மூன்றாவது, பரோல் வாரியம். தன் சொந்த வழிகாட்டி விதிகள் சொன்ன அளவுக்குக்கூட அது ஆட்களை வெளியே விடவில்லை. விதிப்படி விட்டிருந்தால் 2006இல் மட்டும் 2,000க்கும் மேற்பட்டோர் கூடுதலாக வெளியே வந்திருப்பார்கள்.

மூன்றில் எதுவும் "குற்றம் பெருகிவிட்டது" என்ற வாசல் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

சரி, தெரிஞ்சுக்கிட்டாங்க. அப்புறம் என்ன பண்ணாங்க?

அந்த வாசல்களில் பணத்தைப் போட்டார்கள், 24 கோடியே 10 லட்சம் டாலர். ப்ரொபேஷனில் இருப்பவர்களுக்குத் தங்கிச் சிகிச்சை பெற 800 இடங்கள். நிபந்தனையை மீறியவரை நேராகச் சிறைக்கு அனுப்பாமல் கொஞ்ச நாள் வைத்திருக்கும் இடைநிலை மையங்களில் 1,400 இடங்கள். குடித்துவிட்டு வண்டி ஓட்டி மாட்டியவர்களுக்கென்று 500 இடங்கள் கொண்ட ஒரு சிகிச்சைச் சிறை. வெளியே வருபவர் தங்க வீடில்லாததால் பரோல் தள்ளிப்போகும் வழக்கம் இருந்தது, அதற்காக இடைத்தங்கல் இல்லங்களில் 300 இடங்கள்.

கடைசியாகச் சொன்னது எனக்குப் பிடித்த உதாரணம். பரோல் கிடைத்தும் போக இடமில்லாமல் உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் என்று ஒரு வகை இருப்பதே கணக்கைப் பிரித்துப் பார்க்காதவரை யாருக்கும் தெரியாது. மொத்த எண்ணில் அவரும் கொலைகாரரும் ஒரே தலைதான்.

டெக்சஸ் மாதிரி கறாரான மாநிலம் இதுக்கு எப்படி ஒத்துக்கிச்சு?

இரக்கத்தால் என்று சொன்னால் பொய். பணம்தான். கீழவையின் சிறைக் குழுவுக்கு ஜெர்ரி மேடன் தலைவரானார், குடியரசுக் கட்சிக்காரர், தொழிலால் பொறியாளர். புதுச் சிறை கட்டாதே, செலவு தாங்காது என்பதுதான் அவைத் தலைவர் அவருக்குச் சொன்னதன் சாரம். மேலவையில் அவரோடு சேர்ந்தவர் ஜான் விட்மயர், ஜனநாயகக் கட்சி. (இப்போது ஹூஸ்டன் மேயராக இருக்கிறாரே, அவரேதான்.) பொறியாளரும் பழுத்த அரசியல்வாதியும் சேர்ந்தால் வேலை நடக்கும் போலிருக்கிறது.

ஒரு கிளைக்கதை. இதே ஃபபெலோ முன்பு டெக்சஸ் அரசின் குற்றவியல் நீதிக் கொள்கைக் கவுன்சிலின் தலைவராக இருந்தவர். 2003இல் ஆளுநர் ரிக் பெர்ரி அந்த அமைப்பின் நிதியை வீட்டோ செய்து மூடிவிட்டார். நான்கு வருடம் கழித்து அதே கணக்கை வெளியிலிருந்து வந்து போட வேண்டியிருந்தது.

ஆளைக் கம்மியா உள்ளே போட்டா குற்றம் கூடாதா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. டெக்சஸில் 2007க்குப் பிறகு குற்ற விகிதம் இறங்கியது. ஆனால் அதைச் சீர்திருத்தத்தின் சாதனையாகக் காட்டுபவர்களை நம்ப வேண்டாம், அந்த வருடங்களில் நாடு முழுக்கவே இறங்கியது. அதிலிருந்து நேர்மையாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: பயந்த மாதிரி ஏறவில்லை.

இதைவிட நல்ல சோதனை திருட்டு வரம்பு. எத்தனை டாலருக்கு மேல் திருடினால் பெருங்குற்றம் என்பதை ஒவ்வொரு மாநிலமும் தானே வைத்துக்கொள்கிறது. 2000 முதல் 2012 வரை 30 மாநிலங்கள் அந்த வரம்பை உயர்த்தின. உயர்த்திய மாநிலங்களையும் உயர்த்தாதவற்றையும் பியூ அறக்கட்டளை ஒப்பிட்டுப் பார்த்தது. உயர்த்தியதால் திருட்டு கூடவில்லை. டெக்சஸும் 2015இல் 1,500 டாலரை 2,500 ஆக்கியது. 1,600 டாலர் போனைத் திருடுபவர் சட்டப் புத்தகத்தைப் பார்த்துவிட்டுத் திருடுவதில்லை என்பது நம் பொது அறிவுக்கும் எட்டும். ஆனால் பொது அறிவை மட்டும் நம்பக் கூடாது என்பதற்கு அடுத்த பதிலைப் பாருங்கள்.

ஒரு திட்டம் வேலை செய்யுதா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிப்பாங்க?

1970களில் நியூ ஜெர்சியின் ராவே சிறையில் ஒரு திட்டம் தொடங்கியது. வம்பு செய்யும் பையன்களைச் சிறைக்குள் கூட்டிப்போய், ஆயுள் கைதிகளை விட்டு மிரட்டச் சொல்வார்கள். பார்த்தவர்கள் எல்லோரும் புல்லரித்துப் போனார்கள், நாடெங்கும் பரவியது. பிறகு குலுக்கல் முறையில் பையன்களை இரண்டு குழுவாகப் பிரித்துச் சோதித்த ஆய்வுகள் வந்தன. மிரட்டப்பட்ட பையன்கள், மிரட்டப்படாதவர்களைவிட அதிகமாகக் குற்றம் செய்தார்கள். சும்மா விட்டிருந்தாலே நன்றாக இருந்திருக்கும்.

வாஷிங்டன் மாநிலம் ஒரு பொதுக் கொள்கை நிறுவனத்தை 1983இல் சட்டமன்றத்தின் கீழ் அமைத்தது. எந்தத் திட்டத்தில் ஒரு டாலர் போட்டால் எத்தனை டாலர் திரும்பும் என்று தரம் பிரிப்பது அதன் வேலைகளில் ஒன்று. புதுச் சிறைகள் தேவைப்படும் என்ற கணிப்பு வந்தபோது, 2006இல் அது ஒரு பட்டியலைக் கொடுத்தது. அதை வைத்து மறு வருடமே சட்டமன்றம் 4 கோடியே 80 லட்சம் டாலரை அந்தத் திட்டங்களுக்கு ஒதுக்கியது. அந்த நிறுவனம் இன்னொன்றையும் கண்டது. இளங்குற்றவாளிகளின் குடும்பத்தோடு சேர்ந்து செய்யும் ஒரு சிகிச்சை, சரியாகப் பயிற்சி பெற்றவர் செய்தால் நன்றாகப் பலன் தந்தது. அரைகுறையாகச் செய்தவர்களிடம் போன பையன்கள் இன்னும் மோசமானார்கள். திட்டத்தின் பெயர் ஒன்றுதான், செய்த கை வேறு.

ஒரு ஊர்ல ஜெயிச்சது இன்னொரு ஊர்லயும் ஜெயிக்கும்தானே?

ஹவாயில் ஸ்டீவன் ஆல்ம் என்ற நீதிபதி 2004இல் ஒரு முறையைக் கொண்டுவந்தார். ப்ரொபேஷன் நிபந்தனையை மீறினால் உடனே, தவறாமல், ஆனால் ஓரிரு நாள் மட்டும் ஜெயில். வருடக்கணக்கில் விட்டுப்பிடித்துக் கடைசியில் ஐந்து வருடம் போடுவதைவிட இது மேல் என்பது அவர் எண்ணம். 2009இல் வந்த குலுக்கல் முறை ஆய்வில், இந்த முறையில் இருந்தவர்கள் ஒரு வருடத்துக்குள் மறுபடி கைதாகும் வாய்ப்பு 55 சதவீதம் குறைந்திருந்தது. எல்லோரும் குதித்தார்கள்.

மத்திய அரசு அதையே டெக்சஸ் உட்பட நான்கு மாநிலங்களில், 1,500க்கும் மேற்பட்டோரிடம் மறுபடி சோதித்தது. 2016இல் வந்த முடிவு: பழைய ப்ரொபேஷனுக்கும் இதற்கும் கைது எண்ணிக்கையில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஹவாயில் பலித்தது முறையா, நீதிபதியா, அந்த ஊரா? இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். மறுசோதனைக்கும் காசு ஒதுக்கினார்களே, அதுதான் என்னைக் கவர்ந்தது. நல்ல செய்தி வந்த பிறகு யாரும் அதைச் செய்ய விரும்புவதில்லை.

வெளியே வந்தவங்கள்ல முக்கால்வாசிப் பேர் திரும்பவும் தப்பு பண்றாங்களாமே?

2005இல் 30 மாநிலங்களில் விடுதலையானவர்களைப் பின்தொடர்ந்த மத்திய அரசுக் கணக்கு அது. ஐந்து வருடத்துக்குள் மறுபடி கைதானவர்கள் 76.6 சதவீதம். ஆனால் கைது வேறு, தண்டனை வேறு. அதே கணக்கில் மறுபடி குற்றவாளி என்று தீர்ப்பானவர்கள் 55.4 சதவீதம். யாராவது ஒரு சதவீதத்தைச் சொன்னால், கைதா தீர்ப்பா, எத்தனை வருடத்துக்குள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இதில் இன்னொரு மாயமும் இருக்கிறது. ஒரு டீக்கடை வாசலில் ஒரு நாள் காலை நின்று, வருகிறவர்களை எண்ணுங்கள். பெரும்பாலும் தினசரி வாடிக்கையாளர்களாக இருப்பார்கள். வாழ்க்கையில் ஒரே முறை அந்தக் கடையில் டீ குடித்துவிட்டுப் போனவர்கள் மொத்தத்தில் அதிகம், ஆனால் அந்தக் காலையில் உங்கள் கண்ணில் பட மாட்டார்கள். ஒரு குறிப்பிட்ட வருடம் விடுதலையாகிறவர்களை எண்ணுவதும் அப்படித்தான், போய்ப்போய் வருபவர்களே அந்தக் கூட்டத்தில் மிகுதியாக இருப்பார்கள். அதைச் சரிசெய்து வில்லியம் ரோட்ஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் கணக்கிட்டபோது, சிறைக்குப் போனவர்களில் பெரும்பாலோர் திரும்பச் சிறைக்குப் போகவே இல்லை என்று வந்தது.

யார் ஆபத்தானவர்னு கம்ப்யூட்டரே மார்க் போடுதாமே? அது நியாயமா?

போடுகிறது. வயது, பழைய கைதுகள் போன்றவற்றை வைத்து மதிப்பெண் கொடுக்கும் கருவிகள் பல மாநிலங்களில் உண்டு. 2016இல் ஃபுளோரிடாவின் பிரவர்டு கவுண்டியில் காம்பஸ் என்ற கருவியை புரோபப்ளிகா செய்தி நிறுவனம் சோதித்தது. பிறகு குற்றம் செய்யாத கறுப்பினத்தவரில் 44.9 சதவீதத்தினரை அது ஆபத்தானவர் என்று தவறாகக் குறித்திருந்தது, வெள்ளையரில் 23.5 சதவீதம். கருவியைச் செய்த நிறுவனமோ, ஒரே மதிப்பெண் பெற்ற இரு இனத்தவரும் ஒரே விகிதத்தில்தான் மறுபடி மாட்டுகிறார்கள், ஆகவே பாரபட்சம் இல்லை என்றது.

இரண்டு பேரும் சொன்னது சரி என்பதுதான் வேடிக்கை. ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். அ குழுவில் 100 பேர், 50 பேர் பின்னால் கைதாவார்கள். ஆ குழுவில் 100 பேர், 20 பேர் கைதாவார்கள். கருவி அ குழுவில் 60 பேரையும் ஆ குழுவில் 20 பேரையும் ஆபத்து என்கிறது, இரண்டிலும் 60 சதவீதம் சரி. அதாவது அ குழுவில் 36, ஆ குழுவில் 12. நிறுவனம் சொன்ன நியாயம் வந்துவிட்டது. இப்போது தப்பாக மாட்டியவர்களைப் பாருங்கள். அ குழுவில் கைதாகாத 50 பேரில் 24 பேர், ஆ குழுவில் கைதாகாத 80 பேரில் 8 பேர். 48 சதவீதமும் 10 சதவீதமும். இரண்டு குழுவின் கைது விகிதமும் வேறாக இருந்தால், முழுத் துல்லியமில்லாத எந்தக் கருவியாலும் இரண்டு நியாயத்தையும், கைதாகப்போகிறவர்களைத் தவறவிடும் விகிதத்திலும் பாரபட்சம் வராமல், ஒன்றாகத் தர முடியாது. எது வேண்டும் என்று கணினி முடிவு செய்யாது, சட்டமன்றம்தான் செய்ய வேண்டும்.

அதே 2016இல் விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம், எச்சரிக்கைக் குறிப்போடு நீதிபதிகள் மதிப்பெண்ணைப் பார்க்கலாம், அதை வைத்தே தண்டனையை முடிவு செய்யக் கூடாது என்றது. அந்த வழக்கிலும் கருவி காம்பஸ்தான், அதன் சூத்திரம் வணிக ரகசியமாகவே இருந்துவிட்டது. கென்டக்கியில் நடந்தது வேறு கதை. விசாரணைக்கு முன் விடுவிப்பதற்குக் கருவியைப் பார்க்க வேண்டும் என்று 2011இல் சட்டம் வந்தது. கொஞ்ச காலம் விடுவிப்பு கூடியது, பிறகு நீதிபதிகள் பழைய வழக்கத்துக்கே திரும்பிவிட்டார்கள்.

போலீஸ் கொடுக்கிற கணக்கே தப்பா இருந்தா?

நல்ல கேள்வி, முந்தைய பதிலின் ஓட்டையும் இதுதான். கைது என்பது குற்றத்தின் அளவு மட்டுமல்ல, போலீஸ் எங்கே நிற்கிறது என்பதன் அளவும்கூட. ஒரே போதைப்பொருள் பழக்கம் கல்லூரி விடுதியில் கைதாகாது, தெருமுனையில் கைதாகும்.

கணக்கே வராமலும் போகும். 2021இல், நாடு முழுக்கக் குற்றக் கணக்கைத் தொகுக்கும் எஃப்பிஐ புதிய பதிவு முறைக்கு மாறியபோது, நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ் உட்பட ஏறத்தாழ 40 சதவீதக் காவல் துறைகளிடமிருந்து அந்த வருட விவரம் வரவில்லை. ஃபுளோரிடா 2018இல், கைது முதல் விடுதலை வரை எல்லாத் தரவையும் பொதுவில் வைக்க வேண்டும் என்று நாட்டிலேயே முதல் சட்டம் போட்டது. கவுண்டிக்கு ஒரு மென்பொருள், ஒவ்வொன்றிலும் ஒரே குற்றத்துக்கு வேறு வேறு குறியீடு. சட்டம் சொன்ன வேகத்தில் வேலை நகரவில்லை.

எங்கள் ஊர்க் கதையும் இங்கே சேரும். 2018இல் பள்ளிக் கட்டடம் கட்டத் தோண்டியபோது 95 பேரின் எலும்புகள் கிடைத்தன. கரும்புத் தோட்டங்களுக்கு அரசு கைதிகளை வாடகைக்கு விட்ட காலத்துக் கறுப்பினக் கைதிகள். அங்கே ஒரு அடையாளக் கல்கூட இருக்கவில்லை.

மிச்சமான பணம் எங்கே போச்சு?

இது சங்கடமான இடம். சூசன் டக்கர், எரிக் கடோரா இருவரும் 2003இல் முன்வைத்த யோசனைக்கு நீதி மறுமுதலீடு என்று பெயர். சிறையில் மிச்சமாகும் பணத்தை, கைதிகள் எந்தத் தெருக்களிலிருந்து வருகிறார்களோ அங்கே பள்ளி, வீடு, வேலை என்று போடுவது. கடோராவும் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் லாரா குர்கனும் வரைந்த வரைபடங்களில், புரூக்ளினில் ஒரே ஒரு தெருச் சதுரத்தில் வசிப்பவர்களைச் சிறையில் வைக்க வருடத்துக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் செலவாவது தெரிந்தது. ஹூஸ்டனில் 88 பகுதிகளில் பத்தே பகுதிகளுக்கு வருடம் கிட்டத்தட்ட 10 கோடி டாலர்.

2010இல் மத்திய அரசு இதற்கு நிதி தரத் தொடங்கியது. 30க்கும் மேற்பட்ட மாநிலங்கள் சேர்ந்தன. ஆனால் பணத்தில் பெரும்பகுதி ப்ரொபேஷன் அலுவலகங்களுக்கும் சிறைக்குள் நடக்கும் திட்டங்களுக்கும்தான் போனது. 2013இல் டக்கரும் கடோராவும் மற்றவர்களோடு சேர்ந்து, நாங்கள் சொன்னது இதுவல்ல என்று அறிக்கையே வெளியிட்டார்கள். டெக்சஸ் செய்ததில் அந்த மூல யோசனைக்குப் பக்கத்தில் வருவது, முதல் குழந்தை பெறும் ஏழைத் தாய்மார்களின் வீட்டுக்குச் செவிலியரை அனுப்பும் திட்டம், சுமார் 2,000 குடும்பங்களுக்கு. அளவில் சின்னது.

அப்போ டெக்சஸ் ஜெயிச்சிடுச்சுன்னு சொல்லலாமா?

17,000 இடங்கள் கட்டப்படவில்லை, பல சிறைகள் மூடப்பட்டன. ஆனால் "கட்டாமல் இத்தனை கோடி மிச்சம்" என்ற தொகையை அப்படியே விழுங்க வேண்டாம். கணிப்பு நடந்த கணக்கு அல்ல. அது பலிக்காமல் போனதில் சீர்திருத்தத்தின் பங்கு எவ்வளவு, கணிப்பின் பிழை எவ்வளவு என்று பிரிக்க முடியாது.

இன்றும் நாட்டிலேயே அதிகம் பேரைச் சிறையில் வைத்திருக்கும் மாநிலம் டெக்சஸ்தான். பெரும்பாலான சிறைகளில் முழு ஏசி கிடையாது. ஆகஸ்ட் மாதம் இங்கே காரைத் திறந்தவர்களுக்கு அதன் பொருள் தெரியும். காவலர் பற்றாக்குறையும் தீரவில்லை. மூன்றாவது கேள்வியில் சொன்ன முதல் வாசலும் எல்லா மாநிலங்களிலும் திறந்தே இருக்கிறது. 2019இல் வந்த தேசியக் கணக்கின்படி, மாநிலச் சிறைகளுக்குள் நுழைபவர்களில் 45 சதவீதம் பேர் ப்ரொபேஷன் அல்லது பரோல் நிபந்தனையை மீறியதால் நுழைபவர்கள். மொத்தத்தில் கால்வாசிப் பேர் புதுக் குற்றம் எதுவும் செய்யாமல், அலுவலரைச் சந்திக்கத் தவறியது, பரிசோதனையில் போதை தெரிந்தது போன்ற காரணங்களுக்காகப் போகிறவர்கள்.

நம்ம ஊருக்கு இதெல்லாம் பொருந்துமா?

வாசலை எண்ணும் முறை பொருந்தும், விடை பொருந்தாது. இந்தியாவில் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 முடிவில் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், முக்கால் பங்குக்கு மேல். அங்கே பரோல் வாரியத்தையோ ப்ரொபேஷனையோ நோண்டி அதிகம் ஆகப்போவதில்லை, பெரிய வாசல் தீர்ப்புக்கு முன்னால் இருக்கிறது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவு, இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாதவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால் பிணையில் விட வேண்டும் என்கிறது. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது கிடையாது. நீதிமன்றத்துக்கு எழுத வேண்டியவர் சிறைக் கண்காணிப்பாளர். யார் யார் அந்த நாளைத் தாண்டிவிட்டார்கள் என்று அவர் பட்டியல் எடுக்க வேண்டுமானால், முதலில் பதிவேட்டில் கைதான தேதியும் முன்வழக்கு உண்டா இல்லையா என்பதும் சரியாக இருக்க வேண்டும்.